மாடு இல்லாத ஊருக்கு மாட்டுச் சிலை எதுக்குங்க?

மாட்டைக் கிட்டப் போயித் தொட்டே ரெண்டு தலைமுறை ஆன எடத்துலதான் மாட்டுச் சிலை நல்லா வெலை போகுது. இதைச் சொன்னா டவுன்ல இருக்கற நண்பர்கள் சில பேருக்குக் கோவம் வருதுங்க. வரட்டும். இந்தப் பதிவே அவங்களுக்காகத்தான் எழுதறேன்.

கொஞ்ச வருசமா கோயமுத்தூருப் பக்கம் போனா ஒரு வாசகம் அடிக்கடி கண்ணுல படுது: ‘இயற்கையிலிருந்து உத்வேகம்’. அடுக்குமாடி விளம்பரத்துல இருக்கு, காபிக் கடைச் செவுத்துல இருக்கு, கண்காட்சி அழைப்பிதழ்ல இருக்கு. கேட்டுக்கு முன்னாடி பைபர்ல ஒரு காங்கேயம் காளை நிக்கும். ரிசார்ட்டுக்குள்ள இரும்புத் தகட்டுல வெட்டின பனைமரம், பொழுது போனா மட்டையில லைட்டு எரியும். கிட்டப் போயி போட்டோ எடுத்துக்கறாங்க. இயற்கையில இருந்து எடுத்துக்கிட்டீங்க, சரி. திருப்பி என்ன குடுத்தீங்க? அதான் என்னோட கேள்வி.

நவீன சிற்பம்னாலே கிண்டல் பண்ற ஆளுன்னு என்னை நெனைச்சுக்காதீங்க. நம்ம பக்கம் பொறந்தவங்க எல்லாரும் சின்ன வயசுல பள்ளிக்கூட டூருல மலம்புழா போயிருப்போம். அணைப் பூங்காவுல முப்பதடி ஒசரத்துல காலை விரிச்சு, தலைமுடியக் கையால கோதிக்கிட்டு உக்காந்திருக்கற யட்சியப் பாத்து வாத்தியாரு சீக்கிரம் நடங்கடான்னு வெரட்டுனது ஞாபகம் இருக்கும். 1969ல கானாயி குஞ்ஞிராமன் காங்கிரீட்டுல செஞ்ச சிலை அது. மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில படிச்சு, லண்டன் வரைக்கும் போயித் திரும்பி வந்தவரு. துணியில்லாத பொம்பளைச் சிலையான்னு அப்ப எதிர்ப்பெல்லாம் கெளம்புச்சு. ஆனா அந்தச் சிலையோட கரு எங்கிருந்து வந்துச்சு? மலையாளத்து ஊர்ச்சனங்க மரத்தடியில யட்சி நிக்கறான்னு பயந்து பயந்து சொன்ன கதையில இருந்து வந்துச்சு. வெளிநாட்டுல கத்துக்கிட்ட வித்தை, உள்ளூருச் சனத்தோட பயம். ரெண்டும் சேந்ததால அது அந்த எடத்துச் சிலையா நிக்குது. அதைப் பேத்துக் கொண்டாந்து அவினாசி ரோட்டுல வெச்சா செத்துப்போகும்.

இப்ப நம்ம ஊருச் சிற்பத்துக்கு வாறேன். உடுமலைக்குப் பக்கத்துல சோமவாரப்பட்டியில ஆல்கொண்டமால் கோயில் இருக்கு. மாட்டுப் பொங்கல்ல இருந்து மூணு நாளு அங்க திருவிழா. சுத்துப்பட்டு ஊருல இருந்தெல்லாம் விவசாயிங்க மாட்டுப் பாலைக் கொண்டுபோயி சாமிக்கு ஊத்துவாங்க. கூடவே மண்ணுல செஞ்சு சுட்ட மாடு, கன்னு, ஆடு பொம்மைகளை வாங்கி வைப்பாங்க. அதுக்குப் பேரு உருவாரம். மாட்டுக்குச் சீக்கு வந்துச்சுன்னா, ‘நல்லாயிட்டா ஒரு உருவாரம் வைக்கறேன் சாமி’ன்னு வேண்டிக்கறது. செனை நிக்காத மாடு செனையானாலும் வைக்கறது. பொங்கல் அன்னிக்குப் பொறக்கற கன்னைக் கோயிலுக்குன்னே விட்டு, சலங்கெருதுன்னு வளத்து, உறுமிச் சத்தத்துக்கு ஆடப் பழக்கற வழக்கமும் அந்தப் பக்கம் இருக்கு.

உருவாரத்தைச் செய்யற குயவருக்கு எந்தக் கண்காட்சியிலயும் பேரு போடறதில்லை. ஆனா அந்த மண்ணு மாட்டைப் பாருங்க. நாலு காலும் உருளை, ஒடம்பு உள்ள வெத்து, கொம்பு ரெண்டே இழுப்பு. தேவையில்லாத ஒரு கோடு அதுல இருக்காது. பட்டணத்து ஓவியப் பள்ளிக்கூடத்துல வருசக்கணக்காச் சொல்லித்தர்ற சிக்கனம் அது. ஒவ்வொரு உருவாரத்துக்குப் பின்னாடியும் ஏதோ ஒரு கட்டுத்தரையில உசுரோட ஒரு மாடு நிக்குது, அந்த மாட்டுக்கு ஒரு பேரு இருக்கு. மண்ணு மாடு மழையில நனைஞ்சு உடைஞ்சு ஓடாப் போகும். அதுக்காக யாரும் அழறதில்லை. அடுத்த தையில வேற வரும். காப்பாத்த வேண்டியது கட்டுத்தரையில நிக்கறதைத்தான், கோயில்ல வெச்சதை இல்லைன்னு எங்க அப்புச்சி காலத்துச் சனத்துக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

புலிகுத்திக்கல்லும் அதே கதைதான். கொங்கு நாட்டுல ஊருக்கு ஊரு கெடக்கும். பட்டியில இருந்த ஆடு மாட்டைக் காக்கப் புலியோட சண்டை போட்டு உசுர விட்டவனுக்கு நட்ட கல்லு. ஈட்டி புலியோட ஒடம்புல எறங்கற அந்த ஒரு நொடியக் கல்லுல வெச்சிருப்பான். இதுவும் சிற்பந்தான். ஒருத்தன் குடுத்த உசுருக்கு ஊரு எழுதி வெச்ச கடன்சீட்டு அது.

ஆக, ஒரு சிலையைப் பாத்தா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்: இதுக்குப் பின்னாடி உசுரு ஏதாச்சும் நிக்குதா?

‘இது பட்டிக்காட்டுக் கேள்வி, உலகக் கலைக்கு ஒத்து வராது’ன்னு ஒரு தம்பி போன தடவை எழுதியிருந்தாரு. அவருக்குத்தான் இந்தப் பத்தி. எங்களுக்கு த்ரீபேஸ் கரண்டு முறை வெச்சு வரும். ராத்திரி முறைன்னா மோட்டாரைப் போட்டுட்டு, வாய்க்கால் மடை மாத்தற வரைக்கும் கட்டல்ல உக்காந்து போனைப் பாக்கறதுதான் வேலை. அப்படிப் பாத்துத்தான் ஆக்னஸ் டெனஸ்னு ஒரு அம்மாவைத் தெரிஞ்சுக்கிட்டேன். 1982ல நியூயார்க்குல, உலக வர்த்தக மையக் கட்டடத்துக்குப் பக்கத்துல, பங்குச் சந்தைத் தெருவுக்குக் கூப்புடு தூரத்துல, மண்ணு கொட்டி மேவுன காலி நெலம் கெடந்துருக்கு. சிலை வைங்கன்னு அந்த அம்மாளைக் கூப்பிட்டாங்க. அவங்க எரநூறு லாரி மண்ணை அடிச்சு, கல்லு பொறுக்கி, 285 சால் கையால பறிச்சு, ரெண்டு ஏக்கருல கோதுமை வெதைச்சுட்டாங்க. ஆகஸ்ட் மாசம் அறுத்தப்ப ஆயிரம் பவுண்டுக்கு மேல, அதாவது நாலரைக் குவிண்டால் சுமாரு தேறுச்சு. ரெண்டு ஏக்கருக்கு நாலரைக் குவிண்டால்னா எங்க ஊருல, ‘என்ன வெள்ளாமை பண்ணுன நீ’ன்னு கேப்பாங்க. ஆனா அந்த நெலத்தோட அன்னைய மதிப்பு 450 கோடி டாலர். அத்தனை பணம் பெறுமான எடத்துல சோத்தை வெளைய வெச்சு, ‘எது பெருசு?’ன்னு கேட்டாங்க. கோதுமைச் சிலை ஒண்ணை வெச்சிருந்தா அந்தக் கேள்வி வந்திருக்குமா?

அதே 1982ல ஜெர்மனியில காசல்ங்கற ஊருல ஜோசப் பாய்ஸ் ஒரு வேலை பண்ணுனாரு. ஊரு நடுவுல மியூசியத்துக்கு முன்னாடி 7000 கருங்கல் தூணைக் கொண்டாந்து குமிச்சுட்டாரு. நகரத்துல ஒரு மரம் நட்டா, அதுக்குப் பக்கத்துல நடறதுக்கு அந்தக் குவியல்ல இருந்து ஒரு கல்லை எடுக்கலாம். மரம் நடாம கல்லு நகராது. குவியல் கரையணும்னா ஊரு 7000 மரம் வைக்கணும். பாய்ஸ் 1986ல செத்துப்போயிட்டாரு. அடுத்த வருசம் அவரோட மகன் கடைசி மரத்தை நட்டாரு. அதுல ஓக் மரந்தான் அதிகம். நட்டன்னிக்குக் கல்லு பெருசு, செடி சின்னது. இன்னிக்கு மரம் பெருசு, கல்லு அதோட காலடியில கெடக்குது.

பாத்தீங்களா? ஒரு கல்லுக்கு ஒரு மரம். நம்மூருல ஒரு மண்ணு மாட்டுக்கு ஒரு உசுரு மாடு. காசலுக்கும் சோமவாரப்பட்டிக்கும் ஒரே கணக்கு. பட்டிக்காட்டுக் கேள்வின்னு சொன்ன தம்பி இதுக்குப் பதில் எழுதுனா நல்லாருக்கும்.

அடுத்தது இணையக் கலை. இப்ப வாட்ஸப்ல கெராமத்துப் படம் வராத நாளே இல்லை. ஏஐகிட்டச் சொன்னாப் போதும், ரெண்டு நிமிசத்துல ஒரு கெராமம் வந்துடுது. ‘அந்தக் காலம் திரும்ப வருமா’ன்னு அடியில ஒரு வரி. அந்தக் கெராமத்துல எப்பவும் மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சிருக்கும். சுத்தியும் பச்சை நெல்லு. ஓலைக் குடிசை வாசல்ல நகை போட்ட பாட்டி சிரிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. காங்கேயம் காளைன்னு ஒருத்தர் அனுப்புன படத்துல திமிலு முதுகு நடுவுல இருந்துச்சு, ஒட்டகம் மாதிரி. மூக்கணாங்கவுறு மூக்குக்குள்ள போகாம கன்னத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எட்டாயிரம் பேரு ‘அருமை’ன்னு போட்டிருந்தாங்க.

தப்பாப் போட்டுருச்சுங்கறது என் கோவம் இல்லைங்க. அடுத்த வருசம் சரியாப் போட்டுரும். சரியாப் போட்ட பெறகுதான் ஆபத்து அதிகம். கொங்கு நாடு முக்காவாசி மேட்டுக்காடு. சோளமும் கொள்ளும் நரிப்பயறும் வெளைஞ்ச பூமி. எங்களோட அழகு வேற மாதிரி. காங்கேயம், தாராபுரம், மூலனூருப் பக்கம் கொரங்காடுன்னு ஒண்ணு இருக்கு. சுத்தியும் கிளுவை வேலி. உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவுல வெள்வேல மரம். புல்லு காயற கோடையில வெள்வேலங்காய் உதுந்து மாட்டுக்கும் மேச்சேரி ஆட்டுக்கும் தீனியாகும். ஒரு காட்டை நாலஞ்சாப் பிரிச்சு, ஒண்ணு மேஞ்சா இன்னொண்ணு தழையற மாதிரி மாத்தி மாத்தி விடுவாங்க. மேய்க்கறவன் கூட வேண்டாம், கடவைச் சாத்திட்டு வந்துடலாம். கொறைஞ்ச மழையில, ஒரம் போடாம, தண்ணி பாச்சாம ஒரு நெலம் எப்படி உசுரோட இருக்கும்னு பல தலைமுறை சேந்து செஞ்ச படைப்பு அது. எனக்குத் தெரிஞ்சு கொங்கு நாட்டோட பெரிய சிற்பம் கொரங்காடுதான்.

அது உங்க போன் படத்துல வராது. ஏன்னா அது பச்சையா இல்லை. ஏப்ரல் மாசத்துல பாத்தா பொட்டல்னு தோணும். காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசம் ஆகறப்பதான் நெறம் மாறி மயிலை ஆகும். இதையெல்லாம் தெரிஞ்சுக்கக் கூட இருக்கணும், காத்திருக்கணும். பச்சை நெல்லுதான் கெராமம்னு பழகுன கண்ணு, கொரங்காட்டைப் பாத்தா ‘சும்மா கெடக்கற பூமி’ன்னு சொல்லும். சும்மா கெடக்குதுன்னு சொன்னாத்தான் மஞ்சக்கல்லு நடறது சுளுவு. ‘இயற்கை எழில் சூழ்ந்த வீட்டுமனைகள்’னு பலகை வைக்கறவங்களுக்கு அந்தப் படம் ஓசியில வேலை செஞ்சு குடுக்குது.

அதுக்காக இணையத்தையே வேண்டாங்கலை. டெனஸையும் பாய்ஸையும் எனக்குக் காட்டுனதே போன்தான். சனி ஞாயிறுல வண்டியப் போட்டுட்டு ஊரு ஊராப் போயி, முள்ளுக்குள்ள கெடக்கற புலிகுத்திக்கல்லைத் தொடைச்சுப் படம் புடிச்சு, எந்த ஊரு எந்தக் காடுன்னு எழுதி இணையத்துல ஏத்தற பசங்க இருக்காங்க. துவைக்கற கல்லாக் கெடந்ததை எழுப்பி நிக்க வெச்சிருக்காங்க. அதுவும் இணையக் கலைதான்னு நான் சொல்லுவேன். நிரல் எழுதிப் படம் வரையறதும் நமக்குப் புதுசில்லை. 1970கள்லயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி எல்லாம் நம்ம புள்ளிக் கோலத்தை எடுத்து, கம்ப்யூட்டருக்குப் புரியற இலக்கணமா ஆராய்ச்சி செஞ்சு உலகத்துக்குச் சொன்னாங்க. வாசத் தெளிச்சுக் கோலம் போட்ட பொம்பளைங்க கையில என்ன கணக்கு இருக்குன்னு போயிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. கேட்டுட்டு எடுக்கறதுக்கும், கேக்காம அள்ளறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க.

இப்ப நகரத்துக்கு வருவோம். 2016ல ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியல்லயே கோயமுத்தூரு வந்துச்சு. குளத்துக்கரை எல்லாம் நடைபாதை, லைட்டு, சிலைன்னு மாறுச்சு. குறிச்சிக் குளத்துக்கரையில தமிழ் எழுத்துகளையே கோத்துச் செஞ்ச திருவள்ளுவர் சிலை இருக்கு. நல்ல யோசனை, எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா அங்க நின்னு வள்ளுவரைப் பாக்கறவங்க, சித்த நேரம் திரும்பிக் குளத்தையும் பாக்கணும். இந்தக் குளங்க எல்லாம் நொய்யல் தண்ணியை ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குக் கடத்துன சங்கிலி. அந்தத் தண்ணியில இன்னிக்கு நகரத்துச் சாக்கடை கலக்குது. கீழ திருப்பூருத் தாண்டுனா ஒரத்துப்பாளையம். பாசனத்துக்குன்னு கட்டி 1992ல தெறந்த அணை, சாயத் தண்ணித் தொட்டியா மாறுச்சு. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. ஆத்தைப் பாழடிச்சுட்டு, ஆத்தங்கரையை அழகு பண்றது எந்த ஊரு நியாயம்? நீரின்றி ஒலகமே இல்லைன்னு சொன்ன மனுசனோட காலடியில தண்ணி நல்லா இருக்க வேண்டாமா?

ரெண்டு எதிர்க்கேள்வி வரும்னு தெரியும்.

ஒண்ணு, ‘கலைக்கு இப்படிக் கணக்குக் கேக்கலாமா? அழகா இருந்தாப் போதாதா?’ தாராளமாப் போதும். எல்லாச் சிலையும் நெல்லு வெளைய வைக்கணும்னு நான் சொல்லலை. நீங்க வட்டத்தையும் சதுரத்தையும் வெச்சுச் செஞ்சா நான் எதுக்கு வாறேன்? ‘இயற்கையிலிருந்து எடுத்தேன்’னு பலகை வெச்சவங்களைத்தான் கேக்கறேன். பலகை வெச்சது நீங்கதானுங்க.

ரெண்டாவது, ‘கொரங்காட்டை மனை போட வித்தது உங்க சனந்தானே, மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புனதும் நீங்கதானே?’ நெசந்தான், வித்தது எங்க சனந்தான். ஏன் வித்தாங்கன்னும் கேளுங்க. காங்கேயம் மாடு ஒழவுக்கும் வண்டிக்கும் ஆன மாடு. கறவை கன்னுக்கும் வீட்டுக்கும் போக அதிகம் மிஞ்சாது. ஒழவுக்கு டிராக்டர் வந்துடுச்சு, வண்டிக்கு டெம்போ வந்துடுச்சு. மாடு வெச்சிருக்கறவன் ஆசைக்குத்தான் வெச்சிருக்கான், ஆசை தீவனம் போடாது. 2017 தையில வ.உ.சி. மைதானத்துல காளைக்காக ராப்பகலா உக்காந்த கூட்டத்தை நான் மதிக்கறேன். அந்த எளவட்டங்க இல்லைன்னா எதுவும் நடந்திருக்காது. ஆனா அதுக்கப்பறம் காளை பனியன் மேல ஏறுச்சு, கார்க் கண்ணாடியில ஒட்டுச்சு, கேட்டுக்கு முன்னாடி பைபரா நின்னுச்சு. கொரங்காட்டு வேலிக்குள்ள மட்டும் கொறைஞ்சுக்கிட்டே வருது. பாசம் எல்லாம் படத்துக்குப் போகுது, மேய்ச்சலுக்குப் போகலை.

அதனால வெறும் கோவமா எழுதி முடிக்காம, செய்யற மாதிரி மூணு காரியம் சொல்றேன்.

முதல்ல, ஒரு சிலைக்கு ஒரு ஏக்கர். ரவுண்டானாவுலயோ கம்பெனி வாசல்லயோ காளைச் சிலை வைக்கறவங்க, அதோட ஒரு ஏக்கர் கொரங்காட்டை வருசக் குத்தகைக்குப் புடிச்சு, மாடு வெச்சிருக்கற ஒருத்தருக்கு மேய்ச்சலுக்கு விடுங்க. சிலை நிக்கற வரைக்கும் குத்தகை ஓடணும். சிலைக்கு ஆகற செலவோட பாத்தா இது பெருசாத் தெரியாது. சிலைக்குக் கீழ, எந்தக் காடு எந்த ஊருன்னு எழுதுங்க. பாக்க வர்றவங்க அங்கயும் வரட்டும்.

அடுத்தது, குயவரைக் கூப்புடுங்க. மண்ணெடுக்க அலைய விட்டே அந்தத் தொழிலைப் பாதி சாவடிச்சாச்சு. 2024ல இருந்து வட்டாட்சியர் அனுமதியிலயே விவசாயிகளும் மண்பாண்டம் செய்யறவங்களும் கொளத்து மண்ணை எடுத்துக்கலாம்னு அரசாங்கம் வழி பண்ணியிருக்கு. மண்ணு கெடைச்சா மட்டும் போதுமா? வேலை வேணும். உருவாரம் செய்யற கைக்கு ஆளொசரத்துக் குதிரையும் செய்யத் தெரியும். நகரத்துச் சிலைக்கு டெண்டர் விடறப்ப, அவங்களும் வந்து கேக்கற மாதிரி விடுங்க. ஒடைஞ்சா மறுபடியும் செஞ்சு தருவாங்க, வருசா வருசம் வேலை இருக்கும். பைபர் காளை வெளுத்துப்போனா குப்பைக்கெடங்குல எத்தனை காலம் கெடக்கும்னு ரோசனை பண்ணிப் பாருங்க.

மூணாவது, போனுக்கு வர்ற கெராமத்துப் படத்தை அனுப்பறதுக்கு முன்னால, இது எந்த ஊருன்னு அனுப்புனவங்களைக் கேளுங்க. ஊரு பேரு இல்லாத கெராமத்தை அனுப்பாதீங்க. அதுக்குப் பதிலா உங்க அப்புச்சி ஊருக்கு ஒருக்காப் போயி, கட்டுத்தரையில நிக்கற மாட்டை, பேரு கேட்டு, படம் புடிச்சு அனுப்புங்க. அழகு கொறைச்சலாத்தான் இருக்கும். சாணியும் தெரியும். பரவால்லை.

தை மாசம் லீவு விடுவாங்க. உடுமலையில எறங்குனா சோமவாரப்பட்டிக்கு வழி யாரும் சொல்லுவாங்க. கோயில்கிட்ட உருவாரம் வித்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சொன்ன வெலையைக் குடுங்க, பேரம் பேசாதீங்க. யாரு செஞ்சதுன்னு பேரைக் கேளுங்க. வாங்குனதைக் கொண்டுபோயி வீட்டு ஷோகேஸ்ல மட்டும் வெச்சுறாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மாட்டை நெனைச்சுக்கிட்டு அங்கயே வெச்சுட்டுப் போங்க. நெனைக்கறதுக்கு உங்களுக்கு ஒரு மாடும் இல்லைன்னா, எங்க தோட்டத்துக்கு வாங்க. ரெண்டு நிக்குது.